குதிரைக்கு வெட்டிய கிணறு

திருத்தணி பஞ்சாயத்து போர்டில் ஏழாம் வார்டு என்று ஒன்று இருப்பது, அதன் மெம்பர் பக்தவச்சலம் காலமான பிறகுதான் ஊருக்குத் தெரியவந்தது. அதுவரை ரயிலடிக்குப் பின்புறம் தாழ்வாகக் கிடந்த அந்த இடத்தை லாயத்தெரு என்று சொல்லி, எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். யாத்ரீகர்களை மலைக்குத் தூக்கிப் போகிறவர்கள், மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் அரைக்கிறவர்கள், காவடிக்கு மயிலிறகு கட்டுகிறவர்கள், அடுத்தவன் வயலில் கூலிக்கு நாற்று நடுகிறவர்கள் என்று ஊருக்கும் முருகனுக்கும் வேண்டிய சகல காரியங்களையும் செய்கிற ஜனங்கள் அங்கேதான் குடிசை போட்டிருந்தார்கள். ஊர்ச் சாக்கடைத் தண்ணீர் அவர்களுக்குத் தாராளமாக வந்துகொண்டிருந்தது. குடிக்கிற தண்ணீர்தான் வரவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நந்தியாற்றுக்குப் போய், மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள் பாதிப் பகல் போய்விடும்.

பக்தவச்சலம் வெகுகாலம் இவர்களுடைய பிரதிநிதியாக இருந்தார். ஒரு நாளும் அந்தத் தெருவில் காலை வைத்ததில்லை. ஓட்டுக் கேட்கவும் வந்ததில்லை. போர்டுக்கு வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. குடிசைக்கு வரி கிடையாது. ஆகையால் அங்கே கேட்பதற்கு ஓட்டு ஏதும் இருக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ஏகமனதாக, அதாவது ஒரு மனமும் சம்பந்தப்படாமல், அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அவர் மண்டையைப் போட்டார். அந்தச் சமயம் பார்த்து ஊரில் இரண்டு பேருக்கு போர்டு பிரசிடெண்ட் ஆகிற ஆசை முற்றியிருந்தது. ஒருவர் அரிசி மில் ஜம்புலிங்கம். இன்னொருவர் யாத்ரீகர் விடுதியும் கற்பூரக் கடையும் வைத்திருந்த பரந்தாமன். பிரசிடெண்ட் ஆவதற்கு முதலில் மெம்பர் ஆகித் தொலைக்கவேண்டும். காலியாக இருந்தது ஏழாம் வார்டு ஒன்றுதான். இருவரும் மனுப் போட்டார்கள். சித்தூரிலிருந்து உபதேர்தல் நடத்துவதற்கென்று சிவப்பிரகாசம் என்ற ஆபீசர், ஒரு டவாலி சேவகனும் இரண்டு ஓட்டுப் பெட்டிகளும் சகிதமாக வந்து இறங்கினார்.

அவரை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தவன் ஜட்கா ஓட்டுகிற கஜபதி. லாயத்தெருக்காரன். எதைக் கேட்டாலும் முதலில் கொஞ்சம் முழித்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

"ஏழாம் வார்டில் மொத்த ஓட்டர் எத்தனை பேர்?" என்று வண்டிக்குள்ளிருந்தே ஆபீசர் விசாரித்தார். பில் கலெக்டர் கோதண்டம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தருங்க சார்."

"ஒருத்தரா? அவர் எங்கே இருக்கிறார்?"

"இந்த வண்டியதாங்க ஓட்டிக்கினு போறான்."

கஜபதி முழித்தான். விஷயம் இதுதான். அவனுடைய குதிரை ரஞ்சிதமும் ஜட்காவும் சேர்ந்து சக்கர வரி என்ற ஒன்றுக்குள் அகப்பட்டுக்கொண்டிருந்தன. கோதண்டம் அவனை ஸ்டேஷன் வாசலில் மடக்கி, வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்வேன் என்று மிரட்டி, அந்த வருஷம்தான் முதல்முறையாக அந்த வரியை வசூல் பண்ணியிருந்தார். அதைத் தண்டம் என்று நினைத்து அவன் ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தான். அது ஜனநாயகம் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

ஆபீசர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கடமை என்று வந்துவிட்டால் அவர் வெயில் பார்க்கிறவரில்லை. நடுரோட்டில் நின்று பேசினார்.

"கஜபதி, நாடு விடுதலை அடைந்துவிட்டது. இனி இந்த வார்டுக்கு ராஜா நீதான். நானும் என் சேவகனும் உன் ஊழியர்கள். உன் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளத்தான் சர்க்கார் இவ்வளவு செலவு செய்கிறது. துண்டை இடுப்பில் கட்டு. ராஜா என்று ஒரு ஆபீசர் சொல்லும்போது இப்படியா நிற்பது?"

கஜபதி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

அன்று மாலையே தெரு ரெண்டுபட்டது. ஜம்புலிங்கத்துக்குச் சிவப்புப் பெட்டி. பரந்தாமனுக்குப் பச்சைப் பெட்டி. எந்தப் பெட்டியில் சீட்டு விழுகிறதோ அவர் மெம்பர். அரக்கோணத்திலிருந்து ஒலிபெருக்கி வந்தது. மேடை போட்டார்கள். மேடைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி போட்டு, அதில் கஜபதியை உட்காரவைத்தார்கள். சுற்றிலும் லாயத்தெரு முழுக்க நின்றது.

"வாக்காளப் பெருமக்களே!" என்று ஜம்புலிங்கம் ஆரம்பித்தார். கஜபதி பின்னால் திரும்பிப் பார்த்தான். "உங்கள் எல்லாரையும் என் சொந்தக் குடும்பமாக நினைக்கிறேன். இந்தத் தெருவில் கிணறு இல்லை என்று இன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஜெயித்தால் இங்கே கிணறு வரும். ஓட்டு இல்லாதவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், ஓட்டருக்குக் காற்று வரவேண்டும்."

மறுநாள் அதே மேடையில் பரந்தாமன் பேசினார். "அவர் ஒரு கிணறு என்கிறார். நான் இரண்டு கிணறு என்கிறேன். அவர் வெறும் கிணறு என்கிறார். நான் நல்ல தண்ணீர்க் கிணறு என்கிறேன். ஏழைகளின் தாகம் எனக்குத் தெரியும். டேய், தொண்டை காய்கிறது, ஒரு சோடா கொண்டா."

இந்த இரண்டு கூட்டத்திலும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் கஜபதியின் பெண்சாதி தாயாரம்மாள். சொந்த அத்தை மகனைக் கட்டியவள். அவனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். இடுப்பில் குடம் வைத்து வைத்து அவளுக்கு ஒரு பக்கம் காய்ப்பே காய்த்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"பாவா, யாருக்குப் போடப் போறே?"

"அதான் ரோசனை பண்ணிகினு கீறேன். ரெண்டு பேரும் கெணறுன்றாங்க."

"போட்டப்புறம் வெட்டலன்னா?"

கஜபதி முழித்தான். இந்தக் கேள்வி மேடையில் யாரும் கேட்காதது.

"போன வருசம் ரஞ்சிதம் வவுறு ஊதிக் கெடந்தப்ப இன்னா வேண்டிகினே?" என்றாள் அவள்.

"எழுந்து நின்னா மொட்டை போட்டு காவடி எடுக்கறேன்னு."

"மொதல்ல மொட்டை போட்டியா, மொதல்ல அது எழுந்து நின்னுச்சா?"

"எழுந்தப்புறந்தான் போட்டேன். அதானே மொறை?"

"அந்த முருகனே செஞ்சுட்டுத்தான் வாங்கிக்கறாரு. இவங்க ரெண்டு பேரும் முருகனைவிடப் பெரியவங்களா?"

இது கஜபதிக்குப் புரிந்தது. ஓட்டு என்றால் என்ன என்று ஆபீசர் பலமுறை விளக்கியும் விளங்காதது, இப்போது துலக்கமாக விளங்கிவிட்டது. அது ஒரு காணிக்கை. வேண்டுதல் பலித்த பிறகு செலுத்த வேண்டியது. அந்த மலையடிவாரத்தில் பிறந்தவன் எவனுக்கும் இதில் சந்தேகம் வராது.

அடுத்த நாள் காலையில் இரண்டு அபேட்சகர்களும் எதிரும் புதிருமாக ஊர்வலம் வந்து அவன் குடிசை வாசலில் முட்டிக்கொண்டு நின்றபோது, அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்:

"சாமிங்களே, தண்ணி வரட்டும். வந்ததும் செலுத்திடறேன்."

மேளம் நின்றது. ஜம்புலிங்கமும் பரந்தாமனும் வெகுநாளைக்குப் பிறகு ஒருவரை ஒருவர் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் நேராக ஆபீசரிடம் ஓடினார்கள். ஆபீசர் கஜபதியை வரவழைத்தார்.

"கஜபதி, நீ பெரிய குற்றம் செய்யப் பார்க்கிறாய். சட்டம் தெளிவாக இருக்கிறது. கிணறு வெட்டுவேன் என்று அபேட்சகர் சொன்னால் அது கொள்கை. வெட்டிவிட்டார் என்றால் அது லஞ்சம். உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் அவர் ஜெயிலுக்குப் போவார், நீயும் கூடப் போவாய். வாக்குறுதி என்பது எவ்வளவு உயர்ந்த விஷயம். அதை நிறைவேற்றிக் களங்கப்படுத்தலாமா?"

"அப்ப எப்பதாங்க வெட்டுவாங்க?"

"தேர்தல் முடிந்த பிறகு அதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை" என்றார் ஆபீசர்.

கஜபதி வெறுங்கையோடு திரும்பினான். தாயாரம்மாள் குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் அழுகிற ரகம் இல்லை. ஆனால் அன்றைக்குக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓட்டுச் சீட்டு பெட்டியில் விழுந்தபிறகு இந்தத் தெருவுக்குள் ஒரு நாயும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வராது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது வாசலில் ரஞ்சிதம் கொள்ளு தின்றுகொண்டிருந்தது. அதன் வாய்க்கு அந்த வாரம் ஓய்வே இல்லை. குதிரை செத்தால் வரியும் போயிற்று, ஓட்டரும் போயிற்று என்று கோதண்டம் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டதால், இரண்டு கட்சியும் அதற்குக் காவல் போட்டிருந்தன. காலையில் ஜம்புலிங்கம் மூட்டையோடு கொள்ளு அனுப்பினார். மாலையில் பரந்தாமன் வெல்லம் கலந்து அனுப்பினார். யாரோ அதன் கழுத்தில் மாலை போட்டார்கள், அதையும் தின்றுவிட்டது.

தாயாரம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, குடத்தோடு நேரே ஆபீசர் தங்கியிருந்த பங்களாவுக்குப் போனாள்.

"ஏங்க, எங்க குதுரைக்கு ரெண்டு பேரும் கொள்ளு போட்டுகினு கீறாங்களே, அது லஞ்சமா?"

ஆபீசர் சட்டப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். "ஓட்டருக்குக் கொடுத்தால்தான் லஞ்சம். குதிரை ஓட்டர் அல்ல. அது ஜீவகாருண்யம்."

"தண்ணி குடுத்தா?"

"அதுவும் ஜீவகாருண்யம்."

"தண்ணிக்குக் கெணறு வெட்டினா?"

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குதிரைக்குக் கிணறு வெட்டக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவர் விதியில் இல்லாததைச் சொல்கிறவரும் இல்லை. "கிணற்றின் மேல் குதிரைக்கு மட்டும் என்று எழுதி வைக்கவேண்டும்" என்று மாத்திரம் சொன்னார்.

இந்தச் சேதி பரவியதும் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து கிணறு வெட்டும் ஆட்களை ஜம்புலிங்கம்தான் முதலில் கொண்டுவந்து இறக்கினார். இது தெரிந்ததும் பரந்தாமனுக்குத் தூக்கம் போய்விட்டது. தனியாக இன்னொரு கிணறு தோண்ட அந்தத் தெருவில் இடம் கிடையாது. ஆகவே அதே கிணற்றுக்குக் கட்டுக்கல் ஏற்றி அனுப்பினார். ஜம்புலிங்கம் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். குதிரைக்குச் செய்கிற தர்மத்தைத் தடுக்கிறார் என்று பரந்தாமன் ஒலிபெருக்கியில் அலறினார். கடைசியில் ஒருவர் ஆட்கள் தோண்ட, இன்னொருவர் ஆட்கள் பின்னாலேயே கல் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். போர்டில் எந்த வேலையும் இவ்வளவு சுருக்காக நடந்து யாரும் பார்த்ததில்லை. பாறையை உடைத்த அன்று ஊற்று பீறிட்டுக்கொண்டு வந்தது. கப்பியும் கயிறும் பரந்தாமன் உபயம். தொட்டி ஜம்புலிங்கம் உபயம்.

திறப்பு விழாவில் ஆபீசரே தலைமை வகித்தார். கல்லில் 'குதிரைக்கு மட்டும்' என்று செதுக்கியிருந்தது. ரஞ்சிதம் மாலையோடு வந்து தொட்டியில் வாய் வைத்து, வயிறு முட்டக் கொள்ளு தின்றிருந்தபடியால் ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மீதியைத் தெரு எடுத்துக்கொண்டது. தாயாரம்மாள் இரண்டு குடம் இறைத்து, மூன்றாவது குடத்தைத் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டாள். புருஷனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

தேர்தல் நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் சாவடி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு வரிசைக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். கஜபதி நேராக உள்ளே போனான். போலீஸ்காரன் தடுத்து, "வரிசையில வா" என்றான். கஜபதி வெளியே போய் ஆண்கள் வரிசையின் கடைசியில் நின்று, முதல் ஆளாக உள்ளே வந்தான்.

"இது ரகசிய ஓட்டு. நீ யாருக்குப் போட்டாய் என்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது" என்று ஆபீசர் சொல்லி, ரகசியத்தைக் காப்பதற்காக சேவகனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பெட்டிகளைத் திறப்பதற்கு முன் நன்றாகக் குலுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். அப்போதுதான் எது யாருடைய ஓட்டு என்று அடையாளம் தெரியாதாம்.

திரைக்குப் பின்னால் கஜபதி சீட்டும் கையுமாக நின்றான். சிவப்புப் பெட்டி ஒரு பக்கம், பச்சைப் பெட்டி ஒரு பக்கம். வேண்டுதல் பலித்துவிட்டது. இனி செலுத்தாவிட்டால் தோஷம். தோண்டியவர் ஒருவர், கல் கட்டியவர் ஒருவர். ஒருவருக்குச் செலுத்தி இன்னொருவருக்குக் கடன் வைக்க அவன் மனசு ஒப்பவில்லை. அந்தச் சர்க்கார் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சரிபாதியாகக் கிழித்து, பாதியைச் சிவப்பிலும் பாதியைப் பச்சையிலும் போட்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

பெட்டிகளைக் குலுக்கித் திறந்த ஆபீசர் இரண்டு துண்டுகளையும் மேஜைமேல் சேர்த்துவைத்துப் பார்த்தார். ஆளுக்கு அரை ஓட்டு. கஜபதியைக் கூப்பிட்டு, "நீ யாருக்கய்யா போட்டாய்?" என்று கேட்டார்.

"ரகசியம்னு நீங்கதானே சொன்னீங்க."

சித்தூருக்குத் தந்தி பறந்தது. சித்தூரிலிருந்து மதராசுக்கு ஒன்று பறந்தது. அரை ஓட்டு என்பது ஓட்டில் சேர்த்தி இல்லை என்று பதில் வந்தது. உபதேர்தல் ரத்து, மறுபடியும் நடத்த வேண்டியது என்றார்கள். இதைக் கேட்டதும் லாயத்தெருவில் ஒரு சின்னச் சந்தோஷம் பரவியது. அடுத்த தடவை ரஞ்சிதத்துக்குத் தெருவிளக்கு வேண்டும் என்று தாயாரம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேச்சு ஜம்புலிங்கத்தின் காதிலும் பரந்தாமனின் காதிலும் விழுந்தது. அன்றைக்கே இருவரும் விடுதி மாடியில் ராசியாகிவிட்டார்கள். மெம்பர் பதவியும் பிரசிடெண்ட் நாற்காலியும் ஜம்புலிங்கத்துக்கு; ஆடிக் கிருத்திகைக் கடைகளின் குத்தகை பரந்தாமனுக்கு. அடுத்து போர்டு கூடி ஒரு தீர்மானம் போட்டது. ஏழைத் தொழிலாளியான கஜபதியின் கஷ்டத்தை உத்தேசித்து, அவனுடைய சக்கர வரியை நிரந்தரமாகத் தள்ளுபடி செய்திருக்கிறது என்பது தீர்மானம். கோதண்டம் வந்து வாசலில் நின்று படித்துக் காட்டினார்.

"இனிமே நீ ஒரு காசு கட்ட வாணாம் கஜபதி. போர்டு உம்மேல எவ்ளோ பிரியமா கீது பாரு."

"அப்ப ஓட்டு?"

"ஓட்டு ஏது? வரி இல்லியே."

மறு உபதேர்தலில் பரந்தாமன் விலகிக்கொண்டார். ஜம்புலிங்கம் ஏகமனதாக மெம்பர் ஆகி, பிரசிடெண்டும் ஆனார். பதவி ஏற்ற சூட்டோடு, குதிரைக் கிணற்றை மனிதர்கள் உபயோகிப்பதாகப் புகார் வந்திருப்பதால், அதற்கு மூடி போட்டுப் பூட்டுவது என்று முடிவு செய்தார். பாசி படிந்துவிடக்கூடாதே என்கிற அக்கறைதான்.

பூட்டு வருகிறது என்று தெரிந்த காலையில், லாயத்தெருப் பெண்கள் எல்லாரும் போர்டு ஆபீசுக்கு வந்தார்கள். தாயாரம்மாள் முன்னால் நின்றாள். ஒவ்வொருத்தி முந்தானையிலும் சில்லறை முடிந்திருந்தது.

"இன்னாம்மா கூட்டம்?" என்றார் கோதண்டம்.

"வரி கட்ட வந்துகிறோம்."

"உங்களுக்கு வரி இல்லியே."

"போடுங்க. குதுரைக் கெணத்துல தண்ணி எடுக்கறோம். தண்ணிவரி போடுங்க. காசு இந்தா, ரசீது குடுங்க."

கோதண்டம் ரசீதுப் புத்தகத்தின் மேல் கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. வெளியே எட்டிப் பார்த்தார். வரிசை ரயிலடி வரைக்கும் போயிற்று. ஒவ்வொரு ரசீதும் ஒரு ஓட்டு. ஒவ்வொரு ஓட்டும் காரியம் முடிந்த பிறகுதான் செலுத்தப்படும். அவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி பிரசிடெண்டிடம் சொன்னார்.

ஜம்புலிங்கம் அன்றைக்குச் சித்தூரில் கலெக்டரைப் பார்ப்பதாக இருந்தது. ரயிலுக்கு நேரமும் ஆகியிருந்தது. "இவர்களிடம் ஒரு பைசா வாங்கிவிடாதே. வாங்கினால் நாம் செத்தோம். நான் வருகிறவரை ஆபீசைப் பூட்டு" என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறக் கதவு வழியாக வெளியே வந்தார். அங்கே வேப்பமரத்தடியில் ஒரே ஒரு ஜட்கா நின்றது. ஏறி உட்கார்ந்தார்.

"ஸ்டேஷனுக்கு விடு. சீக்கிரம்."

வண்டி நகரவில்லை. கஜபதி துண்டை இடுப்பில் கட்டவில்லை, தோளில்தான் கிடந்தது. ரஞ்சிதம் புல்லை மென்றுகொண்டிருந்தது. தூரத்தில் ரயில் ஊதியது.

"விடேண்டா. கேட்ட கூலி தருகிறேன்."

"விடறேங்க நைனா" என்றான் கஜபதி. "மொதல்ல ரசீது வரட்டும். வந்ததும் செலுத்திடறேன்."